வைரவர் கல்லைக் கழுவிய பின்னேரம்

ஒரு புள்ளி இருக்கிறதா இல்லையா என்று பார்க்கத்தான் அந்தக் கல்லைக் கழுவினேன். இதை எத்தனை பேருக்கு எத்தனை விதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன். பிரதேச செயலகத்தில் சொன்னேன், கிராம அலுவலரான விதானையாருக்குச் சொன்னேன், பஸ்ஸில் பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத பெண்ணுக்குக்கூடச் சொன்னேன். எல்லோரும் ஒரேமாதிரித்தான் பார்த்தார்கள். ஒரு புள்ளிக்காகவா? ஓம், ஒரு புள்ளிக்காகத்தான். எனக்குப் பிழைப்பே அதுதான், என்ன செய்ய.

புதுக்குடியிருப்பில் டியூசன் கொட்டில் ஒன்றுக்குப் பக்கத்து அறையில் கணினி வைத்து எழுத்து அடித்துக் கொடுக்கிறவள் நான். மாதிரி வினாத்தாள், கலியாணக் கார்ட், செத்தவர்களின் முப்பத்தோராம் நாளுக்குக் கொடுக்கும் நினைவு மலர், எது வந்தாலும் அடிப்பேன். பழைய எழுத்துருவில் அடித்ததைப் புதிய முறைக்கு மாற்றும்போது புள்ளிகள் இடம் மாறி ஓடும். அவற்றைத் துரத்திப் பிடித்தே என் கண் பழகிவிட்டது. எனக்குப் பொறுமை என்றால் என்னவென்றே தெரியாது என்று அக்கா சொல்வாள். உண்மைதான், வினாத்தாள் பிந்துகிறது என்று வந்து நிற்கும் ஆசிரியர்களிடம் நான் எரிந்து விழாத நாளில்லை. எழுத்து விசயத்தில் மட்டும் அசையாமல் இருப்பேன். இதை யாரோ சொல்லக் கேட்டு, வெளிநாட்டில் எழுத்துரு செய்யும் ஒருவர் எனக்கு மின்னஞ்சல் போட்டார். எங்கள் பக்கத்து ஆள்தான், சின்ன வயதில் போனவர். பழைய கல்வெட்டுப் படங்களை அனுப்புவார், நான் எழுத்தெழுத்தாகப் பார்த்து அடித்து, திரையில் சரியாக விழுகிறதா என்று சொல்லவேண்டும். இன்றுவரை அவருடைய முகத்தை நான் பார்த்ததில்லை.

நாங்கள் ‘க’ என்று எழுதினால் அதற்குள்ளே ஒரு ‘அ’ சத்தமில்லாமல் இருக்கிறது. அதை வெளியேற்றத்தான் மேலே புள்ளி வைக்கிறோம். இரண்டாயிரம் வருசத்துக்கு முந்திய பிராமி எழுத்திலும் இதே கதைதான். ஆனால் புத்த பிக்குகளுக்குக் குகையும் குளமும் கொடுத்ததைக் கல்லில் வெட்டியவர்கள் தொடக்கத்தில் அப்படியொரு குறி வைக்கவில்லை. அவர்கள் எழுதிய பிராகிருதத்தில் சொற்கள் உயிரோசையில் முடியும், குறிக்குத் தேவை இருக்கவில்லை. பிற்காலத்தில் புத்த நூல்களைச் சமஸ்கிருதத்தில் எழுத வந்தபோதுதான் தேவை வந்தது. ஓரிடத்தில் எழுத்தைச் சின்னதாக்கிக் கீழே இறக்கினார்கள், இன்னோரிடத்தில் மேலே கோடு போட்டார்கள். பல இடங்களில் இரண்டு எழுத்தை ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டியே விட்டார்கள். தமிழை எழுதியவர்கள் புள்ளி வைத்தார்கள்.

கணினிக்கு இந்த நெளிவுசுளிவெல்லாம் விளங்காது. ஒவ்வொரு குறிக்கும் ஒரு எண் கொடுத்தால்தான் அது அசையும். சமஸ்கிருதத்துக்கு வைத்த வடக்கத்தைய குறி அடுத்த எழுத்தோடு சேர்ந்ததும் மறைந்துவிடும், தமிழ்ப் புள்ளி ஒருநாளும் மறையாது. ஆகவே இரண்டுக்கும் இரண்டு எண். எந்தக் குறி எந்த ஊர்க் கல்லில் எப்படி வருகிறது என்று எண் கொடுக்கிறவர்கள் ஆதாரம் சேர்த்துக்கொண்டே இருக்கிறார்கள். ஒரு புள்ளிக்கு இவ்வளவு கடிதமா என்று முதலில் சிரித்தேன், பிறகு எனக்கே பைத்தியம் பிடித்துவிட்டது. எழுத்தை அடிக்காமல் குறியை மட்டும் அடித்தால், திரையில் துளித்துளியாக ஒரு வட்டம் வரும், குறி அதன்மேல் ஏறி இருக்கும். இருக்க இடமில்லாத குறிக்குக் கணினி போட்டுக் கொடுக்கும் கதிரை அது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பாவமாக இருக்கும்.

அக்காவின் வயல் மாங்குளத்தில் இறங்கி இன்னும் உள்ளே போக, ஒரு சின்னக் குளத்தின் கீழே இருக்கிறது. வயலின் மேட்டுப் பக்கம், வீரை மரத்தடியில் ஒரு கல், ஒரு மாடு படுத்திருக்கிற அளவு இருக்கும். நாங்கள் அதை வைரவர் என்போம். வருசாவருசம் நெல் அரிவு வெட்டுக்கு முன் அங்கே பொங்கல். எண்ணெய் பூசி, கற்பூரம் கொளுத்தி, வடைமாலை போடுவோம். அந்தக் கல்லுக்கு எண்ணெய்க்கு மேல் எண்ணெய்தான், கழுவுகிற வழக்கமே கிடையாது. எண்ணெயும் கற்பூரப் புகையும் ஊறி ஊறி, கறுத்த பிசுக்கு தோல்போலத் தடித்துப் போயிருந்தது. அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று ஒருத்தரும் யோசித்ததில்லை, நானும்தான்.

சண்டை முடிந்து முகாமிலிருந்து எங்களை விட்டபோது அங்கே வயலுமில்லை வரம்புமில்லை, ஒரே பற்றை. கண்ணிவெடி எடுத்தவர்கள் போன பிறகு சனம் தங்கள் தங்கள் காணி எதுவென்று தெரியாமல் ஆளையாள் பார்த்துக்கொண்டு நின்றது. வேலி இல்லை, அடையாளத்துக்கு நின்ற பனை இல்லை, காணிப் பெர்மிட் வைத்திருந்த பெட்டி எந்த ஊரில் விடுபட்டதோ கடவுளுக்குத்தான் தெரியும். அக்கா கத்தியை எடுத்துக்கொண்டு பற்றைக்குள் இறங்கினாள். வெயில் உச்சிக்கு வந்தபோது உள்ளேயிருந்து கத்தினாள்.

“இஞ்ச இருக்கிறார்! வாங்கோ எல்லாரும், வைரவர் இஞ்சதான் இருக்கிறார்!”

அந்தக் கல்லிலிருந்து அடி அளந்துதான் அப்போதைய விதானையார் எல்லை குறித்தார். அக்காவின் புருசன், எங்கள் அத்தான், சண்டையிலிருந்து திரும்பி வரவில்லை. வீடு இல்லை, மாடு இல்லை, கல் மட்டும் இருந்தது. அக்காவுக்குக் காணி உறுதி, பெர்மிட் எல்லாம் அதுதான். அதைக் காட்டித்தான் அவள் மறுபடி வயல் செய்தாள்.

இரண்டு மூன்று வருசத்துக்கு முந்திய பொங்கலில் கற்பூரம் கொஞ்சம் அதிகமாகிப் போய், சூட்டில் பிசுக்கு ஒரு பக்கம் செதிலாக விட்டது. கீழே ஒரு வெட்டு. உற்றுப் பார்த்தேன். எத்தனை மாதம் திரையில் பார்த்த எழுத்து! அதன் தலைக்குப் பக்கத்தில் ஒரு புள்ளிபோல ஏதோ இருந்தது. போனில் படம் பிடித்து அந்த எழுத்துருக்காரருக்கு அனுப்பினேன். அடுத்த நாளே பதில் வந்தது. அது உளியால் வைத்த புள்ளியா, கல்லில் இயல்பாக விழுந்த குழியா? புள்ளியென்றால் எங்கள் பக்கத்தில் அது பெரிய விசயம். முழுக் கல்லையும் துப்புரவாக்கி, பின்னேரச் சாய்வு வெயிலில் ஒரு படம் எடுக்க முடியுமா? அளவு தெரிய ஏதாவது ஒரு பொருளையும் பக்கத்தில் வைக்கமுடியுமா?

அக்காவுக்குச் சொன்னபோது அவள் முகம் சுருங்கியது.

“வைரவரைக் கழுவுறதோ? ஆரடி அப்பிடிச் செய்தவை?”

“எழுத்திருக்கக்கா. சரியான பழைய எழுத்து. உங்கட வயல் உலகம் முழுக்கத் தெரியவரப்போகுது.”

“என்ர வயலை எனக்குத் தெரிஞ்சாக் காணும்.”

இப்படிச் சொன்னாளே தவிர, தங்கச்சி கேட்டு இல்லையென்று சொல்லத் தெரியாத சீவன் அவள். வாய்க்காலில் தண்ணீர் அள்ளி அள்ளி வந்து தந்தாள். நான் தேங்காய்த் தும்பும் சலவைத் தூளும் போட்டுத் தேய்த்தேன். பிசுக்கு கறுப்புக் கறுப்பாகக் கரைந்து ஓடியது. ஒவ்வொரு முறை தண்ணீர் ஊற்றும்போதும் அக்கா, “பொறுத்துக்கொள்ளுங்கோ ராசா, இவள் படிச்ச விசரி,” என்று கல்லோடு கதைத்தாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அப்படிச் சிரித்ததை இப்போது நினைக்க வாயில் சாம்பல் அள்ளிப் போட்டதுபோல இருக்கிறது.

வெயில் சாய, எழுத்துக்கள் ஒவ்வொன்றாக நிழல் பிடித்து எழும்பின. ஒரு முழு வரி. யார் யாரோ வந்து குடியிருந்து, வெட்டிக் கொளுத்தி, ஓடித் திரும்பி, அவ்வளவுக்கும் அடியில் அந்த வரி அப்படியே இருந்திருக்கிறது. எனக்கு வந்த சந்தோசப் புளுகத்தைச் சொல்லி முடியாது. அளவுக்கு வைக்க அடிமட்டம் கொண்டுபோக மறந்துவிட்டேன். கையில் இருந்த பேசினைக் கல்லோடு சாய்த்து வைத்துப் படம் எடுத்தேன். முகாமில் கொடுத்த நீலப் பிளாஸ்ரிக் பேசின் அது. விளிம்பு வெடித்த இடத்தை அக்கா செம்புக் கம்பியால் சட்டை தைப்பதுபோலத் தைத்து வைத்திருந்தாள்.

புள்ளி, புள்ளியே அல்ல. அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு எழுதினார், மழையோ பாசியோ தின்ற குழியாம். எழுதியிருப்பது பிராகிருதம், அதில் புள்ளிக்கு வேலையே இல்லை. வரியின் பொருளையும் எழுதியிருந்தார். எனக்குச் சப்பென்று போய்விட்டது. ஆனாலும், புள்ளி என்று மயங்கக்கூடிய குழிக்கு உதாரணமாக அந்தப் படத்தை இணையத்தில் போடும் தன் ஆவணத்தில் சேர்க்கலாமா, ஊரையும் குளத்தையும் குறிப்பிடலாமா என்று கேட்டார். ஓம் என்று எழுதினேன். குளத்தின் பெயரை எழுத்துப் பிழையில்லாமல் நானே அடித்து அனுப்பினேன். எங்கள் ஊர்க் குளத்தின் பெயர் உலக எழுத்து ஆவணத்தில்! அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்று தோன்றவேயில்லை.

அடுத்த கால போகத்துக்கு, மாரி மழையோடு விதைத்து, பயிர் முழங்காலளவு வந்திருந்தது. ஒருநாள் காலை அக்கா போன் எடுத்தாள்.

“ஆரோ வந்து நிக்கினமடி. நாடா பிடிச்சு அளக்கினம். சிங்களத்தில கதைக்கினம், எனக்கொண்டும் விளங்கேல்லை. நீ கெதியா வா.”

நான் போய்ச் சேர்ந்தபோது வயலுக்குள் வெள்ளை பூசிய கட்டைகள் நட்டாயிற்று. கொழும்பிலிருந்து வந்த, தொல்பொருள் திணைக்களத்தின் மூன்று அதிகாரிகள். அவர்களில் இளையவர் கையில் ஒரு கடதாசிக் கோவை. மரியாதையான பிள்ளை, அதைச் சொல்லத்தான் வேண்டும். அக்காவை ‘அம்மா’ என்று தமிழில் கூப்பிட்டார். அக்கா எல்லோருக்கும் தேத்தண்ணீர் கொடுத்து முற்றத்தில் கதிரை போட்டு இருத்தியிருந்தாள். அவர் சொன்னதை நான் சிங்களத்திலிருந்து தமிழாக்கினேன். இது புராதன இடம், கல்லைச் சுற்றி இந்தக் கட்டைகளுக்கு உள்ளே இனி உழக்கூடாது, ஆய்வு முடியும்வரை ஒன்றும் செய்யக்கூடாது. வயலின் நல்ல பாதி கட்டைகளுக்கு உள்ளே இருந்தது. வாய்க்கால் வாயும் உள்ளேதான்.

“எவ்வளவு நாளைக்காம்?” என்று அக்கா கேட்டாள்.

கேட்டுச் சொன்னேன். அவருக்கே தெரியாதாம்.

பிறகு அவர் கோவையைத் திறந்து ஒரு தாளை எடுத்தார். அந்த ஆவணத்தில் வந்த, நான் எடுத்த கல்லின் படம். இதைப் பார்த்துத்தான் தங்களுக்கே தெரியவந்தது, அருமையான படம், எடுத்தவர் யாரென்று தெரியவில்லை, தெரிந்தால் நன்றி சொல்லவேண்டும் என்றார். சத்தியமாகச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அக்கா என் பக்கம் திரும்பினாள்.

“என்னவாமடி?”

“ஏதோ பழைய கடதாசியாம்.”

என் வாழ்க்கையில் நான் பிழையாகத் தமிழாக்கியது அந்த ஒன்றுதான்.

அக்கா கையை நீட்டினாள். அவர் தாளைக் கொடுத்தார். மூக்குக்கண்ணாடியைப் போட்டு, தூரத்தில் பிடித்து, கிட்டப் பிடித்துப் பார்த்தாள். எழுத்துக்களை அவள் பார்க்கவில்லை. அவளுடைய விரல் தாளின் மூலைக்குப் போய், பேசினின் விளிம்பில், அந்தக் கம்பித் தையலில் நின்றது. அதே பேசின் கிணற்றடியில், காலைச் சாப்பாட்டுக் கோப்பைகளோடு, எங்களுக்கு நேரே கிடந்தது. அக்கா அதைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். தாளை மடிக்காமல் திருப்பிக் கொடுத்தாள்.

“தேத்தண்ணி ஆறுது தம்பி, குடியுங்கோ,” என்றாள்.

அவர்கள் போன பிறகு குசினிக்குள் அவளுக்குப் பின்னால் போய் நின்றேன். கத்தப்போகிறாள், கரண்டியைத் தூக்கி எறியப்போகிறாள் என்று காத்திருந்தேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். தண்ணீரை இரண்டு தரம் ஊற்றி வடித்த பிறகு, திரும்பாமலே சொன்னாள்.

“கல்லைக் கழுவேக்க தண்ணி அள்ளித் தந்தது நான்தானே.”

அடித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். வெளியே வந்து கிணற்றுக் கட்டில் இருந்து அழுதேன். அவள் வந்து பார்க்கவில்லை.

அதன் பிறகு அரசாங்கக் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கினோம். பெர்மிட் தொலைந்தவர்களுக்குப் பிறகு கொடுத்த துண்டு அக்காவிடம் இருந்தது. அதில் எல்லை வைரவர் கல்லிலிருந்து என்று தெளிவாக எழுதியிருக்கிறது. அதைக் காட்டினோம். கல் எப்போதிருந்தோ அங்கேயே இருக்கிறது என்பதற்கு அது நல்ல சாட்சி என்று சொல்லிப் பிரதி எடுத்துக்கொண்டு அனுப்பினார்கள். நாங்கள் கொடுத்த கடிதமும் அவர்களுடைய கோவைக்குள்ளேயே போய்விட்டது.

வெளிநாட்டுக்காரருக்கு எழுதினேன். பாவம், பதறிவிட்டார். படத்தையும் ஊர்ப் பெயரையும் நீக்கிப் புதிய பிரதி போட்டார். ஆனால் பழைய பிரதியும் அங்கேயே இருக்குமாம், வந்ததை அழிக்கிற வழக்கம் இல்லையாம். மன்னிப்புக் கேட்டு நல்ல தமிழில் நீளமாக எழுதியிருந்தார், ஒரு புள்ளி பிசகவில்லை. நான் பதில் போடவில்லை. அவர் அனுப்பும் வேலையையும் அதோடு விட்டுவிட்டேன்.

ஊரில் கதை வேறு. எழுத்துத் தெரிந்தவள் அக்காவின் வயிற்றில் அடித்துவிட்டாள் என்றார்கள். அது பொய்யில்லை, ஆனபடியால் ஒருத்தரோடும் சண்டைக்குப் போக எனக்கு வாய் வரவில்லை. ஊர்ச் சங்கத்தில் பெரிய ஆளாக இருக்கும் ஒருவர் வீடு தேடி வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“அது புள்ளிதான் எண்டு ஒரு கடிதம் எழுதித் தாங்கோவன் பிள்ளை. புள்ளியெண்டால் தமிழ். தமிழெண்டால் நாங்கள் கதைக்கலாம்.”

எழுத உட்கார்ந்தேன், மறைக்கவில்லை. அந்தக் குழியைத் திரையில் போட்டு ஒரு முழுப் பகல் பார்த்தேன். புள்ளியாகிவிடு, புள்ளியாகிவிடு என்று மன்றாடாத குறை. அது குழிதான். கந்தோர் அலைச்சலுக்காக என்னிடம் வந்து நின்ற அக்கா எட்டிப் பார்த்துக் கேட்டாள், “தமிழெண்டால் விடுவினமோ?” எனக்குத் தெரியும், எந்த மொழியானாலும் கல் அதே கல்தான், கட்டைகள் அதே இடத்தில்தான் நிற்கும். “இல்லையக்கா,” என்றேன். “பிறகேன் பொய் எழுதுறாய்?” என்று சொல்லிவிட்டுப் போனாள். கடிதத்தை அழித்தேன்.

அந்தப் போகத்துப் பயிரில் பாதி, வெட்ட அனுமதியில்லாமல் கட்டைகளுக்கு உள்ளேயே சாய்ந்தது. பிறகு முட்கம்பி வந்தது, மூன்று மொழியில் ஒரு பலகை வந்தது. பலகையின் தமிழில் இரண்டு இடத்தில் புள்ளி இல்லை. வேறொரு காலமென்றால் பேனையை எடுத்துக்கொண்டு போயிருப்பேன். போகும்போதும் வரும்போதும் பார்த்துக்கொண்டு நடந்தேன், அவ்வளவுதான்.

இந்தத் தை மாதம் அக்காவோடு பொங்கப் போனேன். வெட்டுவதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை, ஆனாலும் பொங்கவேண்டும் என்று நின்றாள். கம்பிக்கு இந்தப் பக்கம் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டினாள். அந்தப் பக்கம் வைரவர். எண்ணெய் காணாமல், மழையில் நனைந்து நனைந்து வெளிறிப் போயிருந்தது கல். அவ்வளவு தூரத்திலிருந்தே வரியைப் படிக்கலாம் போல இருந்தது. அக்கா கற்பூரத்தைக் கம்பியடியில் மண்ணில் வைத்துக் கொளுத்திக் கும்பிட்டாள். வடைமாலையைக் கம்பி முள்ளில் கொளுவினாள். நான் கும்பிடவில்லை, எனக்கு வைரவரின் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

பானை பொங்கி வழிந்தது. அகப்பையால் கிண்டிக்கொண்டே அக்கா கேட்டாள்.

“அதில என்னதான்டி எழுதிக் கிடக்கு? இவ்வளவு நடந்துபோச்சு, ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லை.”

எனக்கு முகத்தில் அறைந்ததுபோல இருந்தது. நானும் சொல்லவில்லை. எத்தனை பேருக்கு மின்னஞ்சலில் எழுதினேன், பிறகு கந்தோரில் அந்த அதிகாரிக்குக்கூட வாசித்துக் காட்டினேன். அவளுக்குச் சொல்லவில்லை.

“ஒரு குடும்பத் தலைவன்ர மகளாம் அக்கா. தன்ர குளத்தைப் புத்த பிக்குகளின்ர சங்கத்துக்குக் குடுத்தவவாம்.”

“பொம்பிளையோ?”

“ஓம்.”

“இந்தக் குளமோ?”

“இதாத்தான் இருக்கும்.”

அக்கா கிண்டுவதை நிறுத்தினாள். கம்பிக்கு அங்கால் கல்லைப் பார்த்தாள், கொஞ்ச நேரம், பக்கத்து வளவுக்காரியைப் பார்ப்பதுபோல.

“அவா தானாக் குடுத்தவா,” என்றாள். “என்னட்ட ஒருத்தரும் கேக்கேல்லையேடி.”